அந்தக் கதவின் முன்னால் பிள்ளைகளை நிற்க விடுங்கள்

நாசா சுற்றுலாவுக்கு மாணவர்களை அழைத்துச் செல்லும் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களே,

கோடை விடுமுறைக்கான சுற்றறிக்கை உங்கள் பள்ளியில் இந்நேரம் வீடு வீடாகப் போயிருக்கும். நாசா கல்விச் சுற்றுலா, பத்து நாள், விசா உதவி உண்டு, சைவச் சாப்பாடு உண்டு. பெயர் கொடுத்த பிள்ளைகளோடு உங்களில் சிலர் கிளம்பப் போகிறீர்கள். அந்தப் பத்து நாளில் சுற்றறிக்கையின் தலைப்புக்கு உரிய நாள் ஒன்றே ஒன்றுதான். ஃப்ளோரிடாவில், கென்னடி விண்வெளி மையத்தின் பார்வையாளர் வளாகத்துக்குள் நுழையும் நாள். மற்ற ஒன்பது நாட்களைப் பற்றி எனக்குப் பேச்சில்லை. அந்த ஒரு நாளைப் பற்றி உங்களிடம் நேராகப் பேச வேண்டும்.

நானும் உங்களில் ஒருத்திதான். இருபத்தாறு வருஷம் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் எடுத்தவள். 2019 மே மாதம் முப்பத்திரண்டு பிள்ளைகளோடு அங்கே போனேன். அன்று நான் செய்த ஒரு தவறு இத்தனை வருஷமாக என்னை விடவில்லை. நீங்களும் அதையே செய்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் எழுதுகிறேன்.

அந்த நாள் எப்படிக் கழிந்தது என்று கேளுங்கள். முதல்நாள் கடைவீதிக்குப் போய்வந்த அலுப்பில் பிள்ளைகள் எழ நேரமாகிவிட்டது. ஆர்லாண்டோவிலிருந்து பஸ் போய்ச் சேரும்போது மணி பதினொன்று. மூன்றரைக்குத் திரும்ப பஸ் ஏற வேண்டும் என்றார் டூர் மேனேஜர். வாசலில் நாசாவின் நீல உருண்டைச் சின்னத்துக்கு முன்னால் குழுவாக, தனித்தனியாக, பள்ளிப் பதாகையோடு, பதாகை இல்லாமல் என்று படம் எடுத்ததிலேயே அரை மணி நேரம் போனது. ராக்கெட் தோட்டத்தில் இன்னொரு கால் மணி. எலுமிச்சை சாதப் பொட்டலத்துக்கு முக்கால் மணி. நினைவுப்பொருள் கடைக்கு ஒரு மணி நேரம் முழுசாக. நடுவில் மிஞ்சிய நேரத்தில்தான் மனிதன் விண்ணுக்குப் போன கதையை எங்கள் பிள்ளைகள் பார்த்தார்கள்.

சாட்டர்ன் 5 ராக்கெட் இருக்கும் கட்டடத்துக்கு வளாகத்தின் உள்பஸ்ஸில்தான் போக வேண்டும். 111 மீட்டர் நீளமுள்ள ராக்கெட்டைப் படுக்க வைத்திருக்கிறார்கள். அதன் அடியில் நடந்தபடி பிள்ளைகள் வாய் பிளந்து அண்ணாந்து பார்த்தார்கள். பார்க்க வேண்டிய காட்சிதான். அதே கட்டடத்தில், சற்று ஒதுக்குப்புறமாக, வெளிச்சம் குறைந்த ஒரு பகுதியில் ஒரு கதவு இருக்கிறது. எங்கள் வரிசையிலிருந்து ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி மட்டும் அதன் முன்னால் நின்றுவிட்டாள். பக்கத்தில் இருந்த எழுத்தை ஒவ்வொரு வரியாகப் படித்துக்கொண்டிருந்தாள். நான் போய்த் தோளைத் தொட்டதும் திரும்பி, “இது ஆபத்துன்னு யாருமே சொல்லலையா மிஸ்?” என்று கேட்டாள்.

“பஸ் கிளம்பிடும், வா” என்று கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டேன்.

இருபத்தாறு வருஷப் பணியில் ஒரு மாணவி என்னிடம் கேட்ட ஆகச் சிறந்த கேள்வி அது. நான் கொடுத்த பதில் பஸ்.

நாலு வருஷம் கழித்து, அட்லாண்டாவில் இருக்கும் அண்ணன் மகன் வீட்டுக்குப் போயிருந்தபோது, தனியாக ஒருமுறை அங்கே போனேன். காலையில் கதவு திறக்கும்போது நுழைந்து மாலையில் மூடும் வரை இருந்தேன். மறுநாளும் போனேன். பிள்ளை நின்ற அதே இடத்தில் நானும் நின்றேன்.

அது அப்போலோ 1 விண்கலத்தின் கதவு. 1967 ஜனவரி 27 மாலை, ஏவுதளம் 34இல், ராக்கெட்டின் உச்சியில் இருந்த கலத்துக்குள் கஸ் கிரிஸம், எட் வைட், ராஜர் சாஃபி மூவரும் உடையணிந்து படுத்திருந்தார்கள். ஏவுவதற்கு அல்ல, ஒத்திகைக்கு. ராக்கெட்டில் எரிபொருள்கூட நிரப்பவில்லை. அதனாலேயே அதை ஆபத்தான சோதனை என்று வகைப்படுத்தவில்லை. ஆனால் கலத்துக்குள் முழுக்க முழுக்கச் சுத்தமான ஆக்சிஜன், அதுவும் வெளிக்காற்றைவிடக் கூடுதல் அழுத்தத்தில். சுற்றிலும் நைலான் வலையும் வெல்க்ரோ பட்டைகளும். எங்கோ ஒரு மின்கம்பியில் பொறி பறந்திருக்க வேண்டும். அப்புறம் எல்லாம் சில விநாடிகளில் முடிந்துவிட்டது.

கதவு மூன்று அடுக்கு. உள் அடுக்கை உள்பக்கமாகத்தான் இழுத்து எடுக்க முடியும். எல்லாம் சரியாக இருக்கிற நேரத்திலேயே திறக்க ஒன்றரை நிமிஷம் ஆகும். தீயில் காற்று சூடாகி அழுத்தம் ஏறியதும் அந்த அழுத்தமே கதவை நிலையோடு சேர்த்து அறைந்துவிட்டது. அழுத்தம் என்பது ஓரலகுப் பரப்பில் செயல்படும் விசை என்று நீங்களும் நானும் எத்தனை தடவை கரும்பலகையில் எழுதியிருக்கிறோம்! அந்த வாய்ப்பாட்டின் முழு அர்த்தமும் அங்கே கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறது. வெளியே இருந்தவர்கள் புகையில் திணறித் திணறி அதைத் திறக்க ஐந்து நிமிஷம் ஆயிற்று.

பக்கத்திலேயே அதற்குப் பிறகு செய்த புதிய கதவையும் வைத்திருக்கிறார்கள். ஒரே துண்டு, வெளிப்பக்கமாகத் திறக்கும், சில விநாடிகள் போதும். பழைய கதவு ஐம்பது வருஷம் பொதுமக்கள் கண்ணில் படாமல் இருந்தது. 2017 ஜனவரி 27 அன்றுதான் காட்சிக்கு வைத்தார்கள். இரண்டு கதவுக்கும் நடுவில் நின்று பாருங்கள். நிலாவுக்குப் போன வழி அந்த இடைவெளியில்தான் இருக்கிறது. புதிய கதவோடு 1968 அக்டோபரில் அப்போலோ 7 பறந்தது. அடுத்த ஜூலையில் மனிதன் நிலாவில் இறங்கினான்.

அந்தப் பிள்ளையின் கேள்விக்கு வருகிறேன். யாருமே சொல்லவில்லையா? சொன்னார்கள். தீப்பிடிக்கும் பொருட்கள் உள்ளே அதிகமாக இருக்கின்றன என்று முந்தைய ஆண்டே அந்த வீரர்கள் முறையிட்டார்கள். மூவரும் கைகூப்பித் தலைகுனிந்து பிரார்த்தனை செய்வதுபோலப் படம் எடுத்துக் கலத்துக்குப் பொறுப்பான மேலாளரிடமே கொடுத்தார்கள். அவர்கள் பட்ட கவலை படமாகவே இருக்கிறது. அந்தக் கவலை போய்ச் சேர வேண்டிய இடத்துக்கு முழுசாகப் போய்ச் சேரவில்லை.

இதைத்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். அந்த அருங்காட்சியகத்தில் மற்ற எல்லாவற்றையும் இணையத்தில் பார்த்துவிடலாம். ராக்கெட்டின் உயரம், எஞ்சின்களின் எண்ணிக்கை, நிலாக்கல்லின் வயது எல்லாம் நம் பிள்ளைகளுக்கு வினாடி வினாவுக்காக ஏற்கெனவே மனப்பாடம். அவர்களுக்கு நாம் சொல்லித்தராதது, ஆபத்து என்று தெரிந்த ஒருவன் வாயைத் திறந்தானா, திறந்தபோது எதிரே இருந்தவர் காது கொடுத்தாரா என்பது. மனிதனை விண்ணுக்கு அனுப்பும் தொழிலில் உயிர் போனதும் பிழைத்ததும் பெரும்பாலும் அதில்தான் நின்றிருக்கிறது.

அட்லாண்டிஸ் விண்ணோடத்தை உங்கள் பிள்ளைகள் பார்ப்பார்கள். ஒரு குறும்படம் ஓடி முடிந்ததும் திரை மேலே போகும், அசல் விண்ணோடம் 43.21 பாகை சாய்வில் தொங்கும். பிள்ளைகள் கத்துவார்கள். கத்தட்டும், எனக்கும் தொண்டை அடைத்தது. 33 முறை போய்வந்த வண்டி அது. ஆனால் அதன் அடிவயிற்றைக் கொஞ்ச நேரம் பார்க்கச் சொல்லுங்கள். கறுப்பு ஓடுகள் வரிசை வரிசையாக, ஒவ்வொன்றிலும் எண், வெப்பம் பட்ட தடம். 1988 டிசம்பரில் இதே அட்லாண்டிஸ் மேலே போனபோது, உந்துராக்கெட்டின் மூக்கிலிருந்து பெயர்ந்த காப்புப் பொருள் இந்த ஓடுகளில் அடித்தது. 700க்கும் மேற்பட்டவை சேதம். ஒன்று கழன்றே போய்விட்டது. உள்ளே இருந்த வீரர்கள் காமிராவில் பார்த்துச் சேதம் பெரிசு என்று சொன்னார்கள். கீழே இருந்தவர்களோ, மங்கலாக வந்த படத்தைப் பார்த்து அது வெளிச்சமும் நிழலும் செய்யும் வேலை என்று சொல்லிவிட்டார்கள். கழன்ற ஓட்டுக்குப் பின்னால் தற்செயலாக ஓர் ஆன்டெனாவின் உலோகத் தகடு இருந்ததால் வண்டி தப்பியது. இறங்கிய பிறகுதான் கீழே இருந்தவர்களுக்குத் தெரிந்தது, மேலே இருந்தவர்கள் சொன்னது சரி என்று. நீங்கள் படம் எடுத்துக்கொள்ளும் வண்டி அப்படி ஒரு நூலிழையில் திரும்பி வந்த வண்டி.

கொலம்பியா விண்ணோடத்துக்கு அப்படி ஒரு தகடு வாய்க்கவில்லை.

அதே கட்டடத்தில் அட்லாண்டிஸுக்குக் கீழே ஒரு நினைவுக்கூடம் இருக்கிறது. சாலஞ்சர், கொலம்பியா விண்ணோடங்களில் உயிரிழந்த பதினான்கு பேருக்கு ஆளுக்கொரு பெட்டகம், அவரவர் குடும்பம் கொடுத்த பொருட்களோடு. கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லாவுக்கும் ஒன்று. நடையின் கடைசியில் சாலஞ்சரின் பக்கச் சுவரில் ஒரு துண்டு, கொடி வரைந்தபடியே. எதிரே கொலம்பியாவின் விமானி அறை ஜன்னல் சட்டங்கள். கண்ணாடி இல்லை, சட்டம் மட்டும். 2015இல் திறந்தார்கள். அதற்கு முன் இந்த உடைசல்கள் எதையும் பொதுமக்கள் பார்த்ததில்லை.

எங்கள் குழு அங்கே போகவே இல்லை. “அது செத்தவங்க இடம், பிள்ளைங்க மனசு கஷ்டப்படும்” என்றார் டூர் மேனேஜர். நாங்கள் மூன்று ஆசிரியர்களும் தலையாட்டினோம். பிள்ளைகள் பக்கத்தில் இருக்கும் சறுக்குமரத்தில் விளையாடப் போனார்கள்.

நீங்கள் தலையாட்டாதீர்கள். சாவு வீட்டுக்குப் பிள்ளைகளை அழைத்துப் போகும் ஊர்க்காரர்கள் நாம். தாத்தாவுக்கு நெய்ப்பந்தம் பிடிக்கிற பேரப்பிள்ளைகளுக்கு அந்த அமைதியான நடை ஒன்றும் தாங்க முடியாததாக இருக்காது. மாறாக, அங்கே அவர்களுக்கு நீங்கள் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது.

குக்கர் கேஸ்கட்டை எடுத்துச் சொல்லுங்கள். பழசாகி விறைத்துப் போன கேஸ்கட்டில் ஓரமாக ஆவி சீறுவதைப் பார்க்காத பிள்ளை நம் வீடுகளில் உண்டா? சாலஞ்சரின் உந்துராக்கெட் துண்டுகள் சேரும் இடத்தில் அப்படி ஒரு ரப்பர் வளையம். பென்சில் கனம், சுற்றளவோ 11 மீட்டருக்கு மேல். 1986 ஜனவரி 27 இரவு ஃப்ளோரிடாவில் கடுங்குளிர். ஏவுதளத்தில் பனிக்கட்டி தொங்கியது. இந்தக் குளிரில் ரப்பர் விறைத்துவிடும், வாயு கசியும், நாளை ஏவ வேண்டாம் என்று உந்துராக்கெட்டைச் செய்த நிறுவனத்தின் பொறியாளர்கள் தொலைபேசியில் மணிக்கணக்காக வாதாடினார்கள். ராஜர் பாய்ஸ்ஜோலி என்பவர் பழைய வளையங்களின் படங்களைக் காட்டிக் கெஞ்சினார். ஏவுதளத்தில் அந்த நிறுவனத்தின் பிரதிநிதியாக இருந்த ஆலன் மெக்டொனால்ட், ஏவலாம் என்ற பரிந்துரைத் தாளில் கையெழுத்துப் போட மறுத்தார். வேறொருவர் போட்டுக் கொடுத்தார். மறுநாள் கிளம்பிய 73 விநாடியில் சாலஞ்சர் சிதறியது. ஏழு பேர். அதில் ஒருவர் நம்மைப் போல ஆசிரியை, கிறிஸ்டா மெக்காலிஃப். விண்ணிலிருந்து பாடம் நடத்தப் போனவர். நாடு முழுக்கப் பிள்ளைகள் வகுப்பறைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிற்பாடு விசாரணையில், இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெய்ன்மன் அந்த ரப்பரில் ஒரு துண்டைப் பிடிப்பானால் நெருக்கி, மேஜையில் இருந்த ஐஸ் தண்ணீர்த் தம்ளரில் போட்டு எடுத்துக் காட்டினார். பிடியைத் தளர்த்தியும் ரப்பர் உடனே மீளவில்லை. அதைவிட எளிய செய்முறை வகுப்பு உங்கள் ஆய்வகத்தில் உண்டா?

2003 ஜனவரி 16 அன்று கொலம்பியா கிளம்பிய 82ஆவது விநாடியில் வெளித்தொட்டியிலிருந்து நுரைக்காப்புத் துண்டு ஒன்று பெயர்ந்து இடது இறக்கையின் முன்விளிம்பில் அடித்தது. எடை முக்கால் கிலோ இருக்கலாம். தெர்மோகோல் மாதிரியான பொருள்தானே, என்ன ஆகிவிடும் என்ற எண்ணம். செயற்கைக்கோள் வழியாக இறக்கையைப் படம் எடுத்துப் பார்க்கலாம் என்று பொறியாளர்கள் கேட்டார்கள். மேலதிகாரிகள் வேண்டாம் என்றார்கள். பதினாறாம் நாள், பிப்ரவரி 1, தரையிறங்கப் பதினாறு நிமிஷம் இருக்கும்போது கலம் சிதறியது. அந்த ஜூலையில் இறக்கையின் அதே பகுதியைச் சோதனைக்கூடத்தில் நிறுத்தி நுரைத்துண்டைச் சுட்டுப் பார்த்தார்கள். ஏறக்குறைய ஒரு முழ அகலத்துக்கு ஓட்டை விழுந்தது. சோதனையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அதிர்ந்து நின்றார்கள்.

ஜனவரி 27, ஜனவரி 28, பிப்ரவரி 1. மூன்றும் ஒரே வாரம்.

இத்தனை துக்கத்தைப் பிள்ளைகள் தலையில் ஏற்றுவானேன் என்று நீங்கள் கேட்கலாம். துக்கத்துக்காக அல்ல. இந்த விபத்துகளைப் பார்த்தவர்கள் பிறகு என்ன செய்தார்கள் என்பதும் இருக்கிறது. 2024 ஜூனில் சுனிதா வில்லியம்ஸ் போன ஸ்டார்லைனர் கலத்தில் ஹீலியம் கசிந்தது, உந்திகள் சில செயலிழந்தன. மாதக்கணக்கில் விவாதித்துவிட்டு, ஆள் இல்லாமலே அந்தக் கலத்தைத் திருப்பி அனுப்பினார்கள். சாலஞ்சரும் கொலம்பியாவும் கற்றுத்தந்ததை மனதில் வைத்தே இந்த முடிவு என்று நாசாவின் தலைவரே வெளிப்படையாகச் சொன்னார். காலிக் கலம் செப்டம்பரில் பத்திரமாக இறங்கியது. சுனிதா அடுத்த மார்ச்சில்தான் வேறு கலத்தில் வந்தார். ஒன்பது மாதம் காத்திருந்தாலும் உயிரோடு வந்தார்.

நம் கதைக்கு வாருங்கள். 2025 ஜூனில் இந்திய வீரர் சுபான்ஷு சுக்லா விண்ணுக்குப் போக வேண்டிய ராக்கெட்டில் திரவ ஆக்சிஜன் கசிவு கண்டுபிடித்தார்கள். பயணம் தள்ளிப்போனது. அது சரிசெய்யப்பட வேண்டும் என்று நம் விஞ்ஞானிகளும் உறுதியாக நின்றார்கள். ஜூன் 25 அன்று, நீங்கள் போகப்போகும் அதே கென்னடி மையத்திலிருந்து அவர் புறப்பட்டார். இந்தியாவே மனிதரை விண்ணுக்கு அனுப்பப் போகும் ககன்யான் திட்டத்துக்குத் தேர்வான நால்வரில் ஒருவர், அஜித் கிருஷ்ணன், சென்னையில் பிறந்தவர். அவர்களைச் சுமக்கப் போகும் ராக்கெட்டின் எஞ்சின்களை எங்கள் மாவட்டத்து மகேந்திரகிரி மலையடியில் ஓடவிட்டு ஓடவிட்டுச் சோதித்தார்கள். சோதனை நாளில் பணகுடிப் பக்கத்தில் உறுமல் கேட்கும். நாளைக்கு அந்தக் கட்டுப்பாட்டு அறையில் உட்காரப் போவது உங்கள் வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் இருக்கும் பிள்ளையாக இருக்கலாம். திரையில் ஓர் எண் சரியில்லை என்று அந்தப் பிள்ளைக்குத் தோன்றும்போது, தன்னைவிட மூத்த பத்துப் பேர் முன்னால் கை தூக்குமா? ‘கேள்வி கேட்டு வகுப்பைக் கெடுக்காதே’ என்று நாம் எத்தனை கைகளை இறக்கியிருக்கிறோம் என்று நினைத்துப் பாருங்கள். நான் இறக்கியிருக்கிறேன்.

அதனால் உங்களிடம் கேட்கிறேன். கென்னடிக்கு ஒரு நாளை முழுசாகக் கொடுங்கள். முதல் உள்பஸ்ஸைப் பிடித்துச் சாட்டர்ன் கட்டடத்துக்குப் போங்கள், கூட்டம் சேரும் முன் அந்தக் கதவைப் பார்த்துவிடலாம். பழைய கதவையும் புதிய கதவையும் பிள்ளைகள் நோட்டில் வரையட்டும். நினைவுக்கூடத்தில் அரை மணி நேரம், கைபேசி பையில். அங்கே செல்ஃபி வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பிள்ளைகள் கேட்பார்கள். கிளம்பும் முன் இரண்டு பாட வேளை ஒதுக்கி இந்த மூன்று விபத்துகளையும் நடத்துங்கள். தெரியாமல் போகிற பிள்ளைக்குக் கதவு வெறும் இரும்பு.

இன்னொன்று. காதுத் தோட்டை அடகு வைத்துப் பிள்ளையை அனுப்பிய ஓர் அம்மாவை எனக்குத் தெரியும். அனுப்பவே முடியாத அம்மாக்கள் அதே வகுப்பில் முப்பது பேர். திரும்பி வந்ததும் காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் இரண்டு நிமிஷம் ‘அனுபவம் பகிர்வதோடு’ விட்டுவிடாதீர்கள். வரைந்த நோட்டுகள் வகுப்பறைச் சுவருக்கு வரட்டும். வருஷா வருஷம் குடியரசு தின விழா முடிந்த கையோடு வருகிற அந்த ஜனவரிக் கடைசி வாரத்தில், போனவர்கள் போகாதவர்களுக்குப் பாடம் நடத்தட்டும். டெல்லிச் சுற்றுலா மட்டுமே முடிகிற பள்ளி என்றால், நேரு கோளரங்கத்தில் ராகேஷ் சர்மா 1984இல் திரும்பி வந்த சோயுஸ் கலம் இருக்கிறது. அதன் கருகிய வெளிப்புறத்தைக் காட்டி, இந்தச் சூட்டுக்குள் உட்கார்ந்து வந்த மனிதர் யாரையெல்லாம் நம்பியிருக்க வேண்டும் என்று பிள்ளைகளைக் கேளுங்கள்.

எந்தப் பிள்ளையாவது எதன் முன்னாலாவது நின்றுவிட்டால், தோளைத் தொடாதீர்கள். கேள்வி வரும் வரை பக்கத்தில் நில்லுங்கள். பதில் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லிவிட்டு, சேர்ந்து படியுங்கள். பஸ் காத்திருக்கும்.

காத்திருக்க வைப்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. அடுத்த வாரம் ஏஜென்ட் உங்கள் பள்ளிக்கு ஒப்பந்தத் தாளோடு வருவார். கடைசிப் பக்கத்துக்குத் திருப்புவதற்கு முன்னால், கென்னடிக்கு எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். நாலு மணி நேரம் என்று சொன்னால் கையெழுத்துப் போடாதீர்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியை ஒருத்தி,
திருநெல்வேலி மாவட்டம்